தாய்ப்பால் கொடுக்கும்போது சத்து மாத்திரையும் மூலிகையும்: குப்பியைத் திறப்பதற்கு முன்

"பால் நல்லா ஊற ஏதாவது மாத்திரை இருக்கா மேடம்?"

மருந்துக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேட்பவர் பெரும்பாலும் குழந்தையின் அப்பா. பல நாள் தூங்காத கண்கள், கையில் போன், போனில் ஏதோ ஒரு குப்பியின் படம். நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பேன்: "குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆச்சு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகுது?" மாத்திரை கேட்க வந்தால் இந்தம்மா மூத்திரக் கணக்குக் கேட்கிறாளே என்று அவர் முகம் மாறும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வாங்க வந்த குப்பியே தேவையில்லை என்று பல பேருக்குத் தெரிந்துவிடும்.

முதல் முறை தாய்ப்பால் கொடுப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வைட்டமின், தாது உப்பு, மூலிகைக் காப்ஸ்யூல், மூலிகை டீ, பொடி என மருந்துச் சீட்டு இல்லாமலேயே கைக்கு வரும் எல்லாமும் இதில் அடங்கும். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

படி 1: எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்

ஒரு தாளில் "நான் இதைச் சாப்பிடுவது ______க்காக" என்று எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். "உடம்புக்கு நல்லது" என்று எழுதினால் செல்லாது. இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு, நான் அசைவமும் பால் பொருளும் தொடுவதில்லை, பால் போதவில்லை என்று பயம், முடி கொட்டுகிறது, தூக்கம் வரவில்லை. இப்படிக் குறிப்பாக எழுத வேண்டும். காரணம் எது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்துச் செய்ய வேண்டியது மாறும்.

காரணமே எழுத வரவில்லை என்றால் குப்பியைக் கீழே வைத்துவிடுங்கள். நீங்கள் விழுங்குவதில் ஒரு பங்கு இன்னொருவருக்கும் போகிறது. அவருக்கு எடை மூன்று நான்கு கிலோதான். அவருடைய கல்லீரலும் சிறுநீரகமும் இப்போதுதான் வேலை பழகுகின்றன. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: காஃபீன். பெரியவர் உடம்பில் அதில் பாதி வெளியேறச் சுமார் 5 மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு அதே பாதி வெளியேற மூன்று நாளுக்கு மேல்கூட ஆகும். தாய் சாப்பிட்ட மருந்தால் பால் குடிக்கும் குழந்தைக்குத் தொந்தரவு வந்ததாகப் பதிவான சம்பவங்களில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நேர்ந்தவை. எனவே குழந்தையின் வயது எத்தனை வாரம் என்பது முக்கியம். குறைமாதத்தில் பிறந்ததா, மஞ்சள் காமாலை இருக்கிறதா, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால், கீழே வரும் எதையும் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

படி 2: உங்கள் தட்டிலிருந்து பாலுக்கு எது போகும், எது போகாது

"நான் கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்கு எலும்பு பலமாகும்" என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி நடப்பதில்லை. கால்சியம், இரும்பு, துத்தநாகம், ஃபோலேட் இவற்றின் அளவைப் பால் தானாகவே கிட்டத்தட்ட நிலையாக வைத்துக்கொள்கிறது. நீங்கள் அதிகம் சாப்பிட்டாலும் பாலில் அது பெரிதாகக் கூடாது. குறைந்தாலும், உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துப் பாலில் போட்டுவிடும். கால்சியத்துக்கு உங்கள் எலும்பிலிருந்தே கொஞ்சம் கடன் எடுக்கும். பால் மறந்த பிறகு பெரும்பாலும் அது திரும்பி அடைபடும். இந்த மாத்திரைகள் தேவைப்பட்டால் அவை உங்களுக்காகத்தான். அதில் தப்பேதும் இல்லை, நீங்களும் ஒரு ஆள்தானே.

வேறு சில சத்துகள் அப்படியில்லை. வைட்டமின் ஏ, டி, பி1, பி2, பி6, பி12, அயோடின், செலினியம், கோலின், டி.எச்.ஏ எனும் ஒமேகா-3 கொழுப்பு ஆகியவை உங்களிடம் குறைந்தால் பாலிலும் குறையும். மாத்திரைக்கு உண்மையான வேலை இங்கேதான்.

பி12-ஐக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அசைவம், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர், அல்லது இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், தனக்கு எந்தச் சோர்வும் தெரியாமலேயே குறைபாட்டில் இருக்கலாம். பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை நாலாவது, ஐந்தாவது மாதம் வாக்கில் சோர்ந்துபோகும். சிரிப்பு குறையும், தலை நிற்பது மறுபடி தளரும். நரம்புக்கு நேரும் சேதம் முழுக்கத் திரும்பாமலும் போகலாம். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பி12 வெறும் 2.8 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டாம். தாவர உணவு மட்டும் உண்பவர் என்றால் இந்த ஒரு மாத்திரையில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

வைட்டமின் டி தாய்ப்பாலில் இயல்பாகவே குறைவு. அதனால்தான் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாளிலிருந்தே தினம் 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் ஒரு அலகு) சொட்டு மருந்தாகக் கொடுக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. தாயே தினம் 6,400 ஐ.யூ. எடுத்தால் பால் வழியாகக் குழந்தைக்குப் போதுமான அளவு போய்ச் சேர்கிறது என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பெரியவர்களுக்கான வழக்கமான உச்ச வரம்பே 4,000 ஐ.யூ. என்பதால், இந்த வழி மருத்துவர் சொல்லி மட்டும். சொட்டு மருந்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில குப்பிகளில் ஒரு சொட்டே 400 ஐ.யூ., சிலவற்றில் ஒரு மில்லி நிறைய எடுத்தால்தான் 400. ஒரு குப்பியின் குழாயால் இன்னொரு குப்பியின் மருந்தைக் கொடுத்தால் அளவு பல மடங்காகிவிடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2010-ல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. லேபிளில் ஐ.யூ.வுக்குப் பதிலாக மைக்ரோகிராம் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்: 40 ஐ.யூ. ஒரு மைக்ரோகிராம், ஆக 400 ஐ.யூ. என்பது 10 மைக்ரோகிராம்.

அயோடின் இரண்டு பக்கமும் கூரான கத்தி. பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. அதிகமானால் குழந்தையின் தைராய்டு வேலை செய்யாமல் படுத்துவிடும். கெல்ப் என்ற கடல்பாசி மாத்திரையில் அயோடின் எவ்வளவு இருக்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது, மாத்திரைக்கு மாத்திரை மாறும். அயோடின் வேண்டுமென்றால் பொட்டாசியம் அயோடைடு 150 மைக்ரோகிராம் என்று தெளிவாக எழுதிய மாத்திரையே நல்லது. தைராய்டு நோய் உள்ளவர்கள் அதையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட மாத்திரையைத் தொடரலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் தொடரலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது: கர்ப்பத்தில் இரும்பின் தேவை நாளைக்கு 27 மில்லிகிராம், பாலூட்டும்போது 9தான். பிரசவத்தில் இரத்தம் நிறையப் போனவருக்கும் சோகை உள்ளவருக்கும் கூடுதலாக வேண்டும். மற்றவர்களுக்கு அந்த மாத்திரை மலச்சிக்கலை மட்டும் தந்துகொண்டிருக்கலாம். வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரையைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் கைப்பிடி விழுங்கினால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

படி 3: பால் உண்மையிலேயே குறைவா என்று பாருங்கள்

பால் ஊறுவதற்கென விற்கும் எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். ஐந்தாறு நாள் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா? பிறந்த எடையைப் பத்து முதல் பதினாலு நாளுக்குள் திரும்பப் பிடித்துவிட்டதா? அதன்பின் முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறுகிறதா? இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது. மார்பு மென்மையாகிவிட்டது, பம்ப்பில் ஒரு அவுன்ஸ்தான் வருகிறது, சாயங்காலம் குழந்தை விடாமல் சப்புகிறது, இவையெல்லாம் பால் குறைவின் அடையாளமே இல்லை. குழந்தை உறிஞ்சுவதுபோல் எந்த பம்ப்பும் உறிஞ்சாது.

கணக்கு சரியில்லை என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது குப்பியை இல்லை, குழந்தை மார்பைக் கவ்வும் விதத்தை. வெளியேறும் பாலின் அளவுக்குத்தான் புதுப் பால் ஊறும். கவ்வுதல் சரியில்லாமல் மார்பு காலியாகாவிட்டால், எந்த மூலிகை சாப்பிட்டும் பயனில்லை. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாலூட்டல் ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார்ப்பது மூன்று குப்பி மூலிகைக்குச் சமம். இதற்கு மேலும் குறைவு என்றால் உடம்பில் காரணம் தேட வேண்டும்: கருப்பைக்குள் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, தைராய்டு, பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டி, பழைய மார்பு அறுவை சிகிச்சை, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை.

சளி மாத்திரையையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் 60 மில்லிகிராம் ஒரே ஒரு முறை சாப்பிட்டவர்களுக்கு அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்ததாக 2003-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. பால் குறைந்துவிட்டது என்று மூலிகை கேட்டு வந்தவரிடம் "போன வாரம் சளிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பதில் கிடைத்தது எனக்கும் நடந்திருக்கிறது.

படி 4: பால் ஊற என்று விற்கும் மூலிகைகள்

வெந்தயம், சோம்பு, சதாவரி எனப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கு, முருங்கை இலை, பிளெஸ்ட் திசில், மில்க் திசில், கோட்ஸ் ரூ. உலகம் முழுக்கப் பாலுக்கென விற்கும் குப்பிகளைத் திருப்பிப் பார்த்தால் இந்தப் பெயர்களே மாறி மாறி வரும். வேலை செய்கின்றனவா? 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 41 ஆய்வுகளை, மொத்தம் 3,005 தாய்மாரின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லும் தரத்தில் ஆய்வுகள் இல்லை என்றது.

பிறகு ஏன் "எனக்கு மூணே நாள்ல ஊறிச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள்? பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில் பால் தானாகவே வேகமாகக் கூடும். பயந்துபோய்க் குப்பி வாங்குவதும் அந்த இரண்டு வாரத்தில்தான். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் நல்ல பேர் அதற்குப் போய்விடும்.

வெந்தயக் காப்ஸ்யூலை நானே சாப்பிட்டிருக்கிறேன், இரண்டாவது குழந்தைக்கு. இத்தனைக்கும் மருந்து படித்தவள். நாள் மூன்றில் என் வியர்வையும் தலையணை உறையும் இனிப்புப் பாகு போல மணந்தன. நான்காம் நாள் குழந்தையின் துணியிலும் அதே மணம், கூடவே ஒரு நாளைக்கு ஒன்பது பத்து தடவை தண்ணீராகப் போனது. நிறுத்தினேன், இரண்டு நாளில் சரியானது. பால் கூடியதா என்று கேட்டால், கவனிக்கக்கூட நேரமில்லாமல் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மணத்துக்குக் காரணம் சோட்டலோன் என்ற வேதிப்பொருள். மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று ஓர் அரிய, ஆபத்தான பிறவி நோய் இருக்கிறது. அதிலும் குழந்தையின் சிறுநீர் இதே மணம் அடிக்கும். தாய் வெந்தயம் சாப்பிடுவது தெரியாமல் குழந்தைக்கு அந்த நோயோ என்று சந்தேகித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எனவே மருத்துவரிடம் போகும்போது வெந்தயம் சாப்பிடுவதை மறைக்காதீர்கள். இன்னும் உண்டு: வெந்தயம் இரத்தச் சர்க்கரையை இறக்கும், அதனால் நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் கவனம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேராது. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம், மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். இத்தனையும் காப்ஸ்யூலில் கிராம் கணக்கில் சாப்பிடுவதற்கு. தாளிப்பில் போடும் வெந்தயத்துக்குப் பயப்பட வேண்டாம்.

மூலிகை டீயை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. 1994-ல் பதிவான ஒரு சம்பவம்: இரண்டு தாய்மார்கள் பால் ஊறுவதற்காக அதிமதுரம், சோம்பு, அனிஸ், கோட்ஸ் ரூ கலந்த டீயை நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்துவந்தார்கள். இரண்டு மூன்று வாரமே ஆன அவர்கள் குழந்தைகள் துவண்டுபோய், பால் குடிக்காமல், அழக்கூட வலுவில்லாமல் மருத்துவமனைக்கு வந்தன. டீயை நிறுத்தியதும் ஒன்றரை நாளுக்குள் தேறிவிட்டன. ஒரு நாளைக்கு ஓரிரு கோப்பை என்பது வேறு, தண்ணீருக்குப் பதில் அதையே குடிப்பது வேறு.

படி 5: லேபிளைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம்தான் விஷயம். நான் கவுன்டரில் அடிக்கடி பார்க்கும் மாதிரி ஒரு லேபிளை வரிவரியாகப் பார்ப்போம்.

முன்னால் பெரிதாக "1,200 மி.கி." பின்னால் "ஒரு வேளை அளவு: 3 காப்ஸ்யூல்." அப்படியென்றால் 1,200 என்பது மூன்று காப்ஸ்யூலுக்கு. அடுத்த வரி "தனியுரிமைக் கலவை 1,200 மி.கி.: வெந்தயம், பிளெஸ்ட் திசில், சோம்பு, கோட்ஸ் ரூ." மொத்த எடை மட்டும் தெரியும், எதில் எவ்வளவு என்று தெரியாது. முதலில் இருப்பது அதிகம், கடைசியில் இருப்பது குறைவு, அவ்வளவுதான். 1,100 வெந்தயமும் மற்றவை சிட்டிகையுமாகக்கூட இருக்கலாம். அளவு தெரியாத பொருளின் பாதுகாப்பை மருத்துவராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு வரிக்காகவே நான் அந்தக் குப்பியைத் திரும்ப அலமாரியில் வைப்பேன்.

"சாறு 10:1" என்று இருந்தால், 100 மில்லிகிராம் சாறு 1,000 மில்லிகிராம் இலையிலிருந்து வடித்தது. இலைப் பொடிக்குப் பழக்கமான அளவைச் சாறுக்குப் போடக்கூடாது. டிங்க்சர் என்றால் சாராயத்தில் ஊறவைத்தது.

தாவரத்தின் லத்தீன் பெயரும், வேரா இலையா விதையா என்பதும் இருக்க வேண்டும். ஒரே பொதுப்பெயரில் இரண்டு செடி இருப்பது சகஜம். சமையலுக்குப் போடும் அன்னாசிப்பூவோடு, பார்க்க அச்சு அசலாக இருக்கும் ஜப்பானிய அன்னாசிப்பூ கலந்துவிடுவதுண்டு, அது நஞ்சு. குழந்தைகளுக்கு அன்னாசிப்பூ டீயைக் கொடுத்து வலிப்பு வந்ததையடுத்து எஃப்.டி.ஏ. 2003-ல் எச்சரித்தது.

"இந்தக் கூற்றுகளை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை" என்ற பொடி எழுத்து வரியும் இருக்கும். அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி, சத்து மாத்திரைகளும் மூலிகைப் பொருட்களும் மருந்தைப்போல முன் அனுமதி பெற்று விற்பனைக்கு வருவதில்லை. உலகெங்கும் இணையத்தில் விற்கும் குப்பிகளில் பல இந்த ஏற்பாட்டில் வந்தவை. தரம் சோதிக்கும் அமைப்புகளான யூ.எஸ்.பி. அல்லது என்.எஸ்.எஃப்.-ன் முத்திரை இருந்தால் நல்லது. லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது, கண்ட கலப்படம் இல்லை என்று வெளியாள் ஒருவர் சோதித்திருக்கிறார் என்று அர்த்தம். பாலூட்டும்போது பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை, அதை அவர்கள் சோதிப்பதே இல்லை.

கலப்படம் வெறும் பேச்சில்லை. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. உலோகங்களைச் சேர்த்தே செய்யும் ரசசாஸ்திர வகை மருந்துகளில் அது பத்தில் நாலு. ஈயம் பால் வழியாகப் போகும், குழந்தையின் மூளையில் வேலையைக் காட்டும். பற்பம், செந்தூரம் என்று உலோகம் கலந்து செய்யும் எதையும் பாலூட்டும்போது நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

கடைசியாக, வீட்டில் இருக்கும் எல்லாக் குப்பியையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டல் போடுங்கள். மல்ட்டிவைட்டமினில் ஏ, முடி மாத்திரையில் ஏ, மீன் ஈரல் எண்ணெயிலும் ஏ. ரெட்டினால் வகை வைட்டமின் ஏ நாளைக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. பி6-ன் தேவை 2 மில்லிகிராம். 100 மில்லிகிராம் மாத்திரையும் விற்கிறார்கள். பழைய ஆய்வுகளில் இதையே நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுத்துப் பாலை நிறுத்தப் பார்த்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

படி 6: தொடக்கூடாதவையும், தொட்டால் கேட்டுவிட்டுத் தொட வேண்டியவையும்

காம்ஃப்ரே, கவா, எஃபிட்ரா என்ற மூலிகைகள் மூன்றும் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டும் கல்லீரலைக் கெடுக்கும். மூன்றாவது இதயத்தைப் படபடக்க வைக்கும், அமெரிக்காவில் 2004-லேயே சத்து மாத்திரைகளில் தடை செய்துவிட்டார்கள். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயும் இதே வரிசைதான். கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி., பயன்படுத்தி ஆறு நாள் கழித்தும் பாலில் தெரிந்ததாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது.

எடை குறைக்கும் மாத்திரை: பிரசவத்துக்குப் பின் எல்லோரும் கண் வைப்பது. குவாரனா, யெர்பா மாட்டே, பச்சைத் தேயிலைச் சாறு என்று மூன்று பெயரில் எழுதியிருந்தாலும் மூன்றிலும் காஃபீன்தான். அது குழந்தையின் உடம்பில் எத்தனை நாள் தங்கும் என்று மேலே பார்த்தோம். செறிவான பச்சைத் தேயிலைச் சாறு கல்லீரலையும் பாதித்திருக்கிறது.

மனம் சோர்ந்திருக்கிறது என்று செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை வாங்குபவர்கள் உண்டு. பாலில் அது கொஞ்சமாகத்தான் போகிறது. சிக்கல் வேறு இடத்தில்: கருத்தடை மாத்திரையின் வேலையை அது குறைத்துவிடும். மனச்சோர்வுக்கான மருந்தோடு சேர்ந்தால் ஆபத்தான எதிர்விளைவு வரும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குப் பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய, நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. இதைக் குப்பியில் தேட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

அசுவகந்தா தைராய்டு அளவை மாற்றலாம், கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, பாலூட்டும்போது பாதுகாப்பா என்பதற்குத் தரவே இல்லை. மெலடோனின், வலேரியன் போன்ற தூக்க வகைகளில் பால் பற்றிய கவலையைவிட எனக்குப் பெரிது இது: உங்களுக்குத் தூக்கம் கனக்கும் எதைச் சாப்பிட்ட இரவிலும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக்கூடாது.

முடிக்கு பயோட்டின் எனும் பி வகை வைட்டமின். பிரசவத்துக்குப் பிறகு மூன்று நாலு மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிறகு தானே நிற்கும். பயோட்டின் நாளைக்கு 35 மைக்ரோகிராம் போதும். மாத்திரையில் இருப்பது பல சமயம் 10 மில்லிகிராம், கிட்டத்தட்ட 285 மடங்கு. இந்த அளவு தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்ட வைக்கும். முடி கொட்டுவதற்குத் தைராய்டுதான் காரணமா என்று பார்க்கப்போய், மாத்திரையாலேயே முடிவு கெட்டுப்போனால் என்ன செய்வது? பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.

சேஜ் இலை, பெப்பர்மின்ட், பார்ஸ்லி ஆகியவற்றை அதிக அளவில் பால் வற்றுவதற்கென்றே காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க்குப் பால் வற்றாது. ஆனால் இவற்றின் எண்ணெய்க் காப்ஸ்யூல்களைத் தவிருங்கள். முலைக்காம்பில் பூசும் மூலிகைக் களிம்பு நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். மெந்தால், வாசனை எண்ணெய் எதையும் குழந்தையின் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், மூச்சு அடைத்துவிடக்கூடும். நீங்கள் சாப்பிடும் எந்த மூலிகையையும் "கொஞ்சம் நாக்கில் தடவலாமே" என்று குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது. நீங்கள் தேன் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது.

படி 7: யாரிடம், எப்படிக் கேட்பது

"இதைச் சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டால் "வேண்டாமே" என்ற பதிலே பெரும்பாலும் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "குழந்தைக்கு ஆறு வாரம், நிறைமாதம், எடை நன்றாக ஏறுகிறது. எனக்கு தைராய்டு மாத்திரை உண்டு. இந்தக் குப்பியில் இந்தப் பொருள் இத்தனை மில்லிகிராம். இன்ன காரணத்துக்காக எடுக்க நினைக்கிறேன். இதற்குப் பதில் வேறு ஏதாவது இருக்கிறதா?" குப்பியையே கையில் கொண்டுபோங்கள், படம் போதாது.

நீங்களே தேடிப் பார்க்க லாக்ட்மெட் என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2006-ல் தொடங்கியது. மூலிகைகளுக்கும் தனிப் பக்கங்கள் உண்டு, எவ்வளவு பாலுக்குப் போகிறது, குழந்தைக்கு என்ன நடந்தது என்று சுருக்கமாக இருக்கும். ஸ்பெயினிலிருந்து வரும் இ-லாக்டான்சியா தளம் அபாயத்தை நிறம் போட்டுக் காட்டும். அங்கே "தரவு இல்லை" என்று இருந்தால் "ஆபத்து இல்லை" என்று படிக்க வேண்டாம். குப்பி விற்பவரின் பக்கத்தில் உள்ள ஐந்து நட்சத்திரங்களை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 8: ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள், குழந்தையைப் பாருங்கள்

ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும், குறைந்த அளவில், காலையில். இரவில் தொடங்கினால் குழந்தை அசந்து தூங்குவது இயல்பா, மாத்திரையாலா என்று தெரியாது. அடுத்ததைத் தொடங்க ஒரு வாரம் பொறுங்கள். மூன்றை ஒன்றாகத் தொடங்கிக் குழந்தைக்குத் தடிப்பு வந்தால் மூன்றையும்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

குறிப்பேட்டில் தேதி, பொருள், அளவு, குழந்தையின் தூக்கம், மலம், தோல் என்று நாளுக்கு ஒரு வரி போதும். பி2 உள்ள மாத்திரையால் உங்கள் சிறுநீர் பளீரென மஞ்சளாகும், பாலும் லேசாக மஞ்சள் பச்சை அடிக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, பால் குடிக்க எழுப்ப முடியாதது, கைகால் துவளுவது, அழுகை மெலிவது, விடாத வயிற்றுப்போக்கு, தடிப்பு, கண்ணில் மஞ்சள் கூடுவது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ, அசைத்தும் விழிக்காவிட்டாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். உடனே நிறுத்த வேண்டியது அந்த மாத்திரையை. மருத்துவர் சொல்லாமல் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

தொடங்கும் நாளிலேயே முடிக்கும் நாளையும் எழுதிவிடுங்கள். பாலுக்கான மூலிகை என்றால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். எடையிலும் ஈரத் துணிகளின் எண்ணிக்கையிலும் மாற்றம் தெரியாவிட்டால் அதற்கு மேல் காத்திருக்க ஒன்றுமில்லை. நிறுத்திய பிறகும் குப்பியை இரண்டு வாரம் எறியாமல் வையுங்கள். குழந்தைக்கு ஏதாவது என்று மருத்துவர் கேட்டால், லேபிளும் பேட்ச் எண்ணும் அதில்தான் இருக்கும்.